தகடூர் (இன்றைய தர்மபுரி) நாடு யாருடைய எல்லை? (வேடியப்பன் கல்லில் தொடங்கி இரண்டு நாய்கள் வரை)

பாலக்கோட்டான்:
எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்துவிட்டு மட்டும் போகிறவன், இதுதான் என் முதல் திரி. என் அப்பாயி ஊரில், ஏரிக்கரைக்குக் கீழே, ஒரு வேடியப்பன் கோயில் இருக்கிறது. கோயில் என்றால் கோபுரம் ஒன்றும் கிடையாது, புளியமரத்தடியில் மூன்று பலகைக் கல், அவ்வளவுதான். நடுவில் இருக்கிற கல்லில் ஒருவன் வில்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், தலைக்கு மேலே எண்ணெய்ப் பிசுக்குக்குள் ஏதோ எழுத்து. வருஷா வருஷம் பொங்கல் வைத்து கிடா வெட்டுவோம், அதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் இது பெரிய சண்டையாகிவிட்டது. மைசூரு பக்கம் செட்டிலான சித்தப்பா ஒருவர், அது கன்னட ராஜாக்கள் காலத்துக் கல், நம்ம பக்கமே அப்போது கன்னட தேசம்தான் என்கிறார். இன்னொரு மாமா, அதியமான் ஊரில் வந்து என்ன பேச்சு என்று எகிறுகிறார். எனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டும். ஆறாம் நூற்றாண்டிலிருந்து பதிமூன்று வரைக்கும் இந்தத் தர்மபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பக்கமெல்லாம் யாருடையது? எல்லை எங்கே ஓடியது?

கல்வெட்டுக்கிறுக்கன்:
தம்பி, கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லை எங்கேயும் ஓடவில்லை. ஓடியது மாடுதான்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தக் காலத்து மேட்டுநிலத்தில் சொத்து என்றால் கால்நடை. காவிரிக் கழனி மாதிரி நெல் கொட்டுகிற இடம் இல்லை இது. கரடு, புதர்க்காடு, மழை பெய்தால் கேழ்வரகு, சாமை. பக்கத்து ஊரை அடிக்க வேண்டுமென்றால் அவன் மந்தையை ஓட்டிக்கொண்டு வர வேண்டும். மந்தைக்குக் கல்வெட்டில் 'தொறு' என்று பெயர். 'தொறுக் கொண்டு பட்டான்', 'தொறு மீட்டுப் பட்டான்', இந்த இரண்டு தொடரையும் தெரிந்துகொண்டால் இந்தப் பக்கத்து நடுகற்களில், அதாவது சண்டையில் செத்தவனுக்கு நட்ட கற்களில், பாதி புரிந்துவிடும். முதலாமவன் மாட்டை ஓட்டப் போய் செத்தவன். இரண்டாமவன் ஓட்டிப்போன மாட்டைத் திருப்பிக்கொண்டுவரப் போய் செத்தவன். இலக்கணத்தில் வெட்சி, கரந்தை என்று படித்திருப்பீர்களே, அதேதான்.

உங்கள் வேடியப்பனும் அநேகமாக இப்படிச் செத்த ஒருவன்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரத்தில் வேடியப்பன் கோயில் என்று கும்பிடுகிற இடங்களில் நிறைய இடத்தில் உள்ளே இருப்பது நடுகல். பெயர் மறந்துபோய் சாமி ஆகிவிட்டான்.

அரசர் யார் என்றால், ஆறு ஏழாம் நூற்றாண்டில் செங்கம் பக்கத்துக் கற்களில் பல்லவன் சிம்மவிஷ்ணு, அவன் மகன் மகேந்திரவர்மன் ஆட்சியாண்டுகள் வருகின்றன. அதே பகுதியில் வாணர் குடிச் சிற்றரசர்கள், கங்கர் குடிச் சிற்றரசர்கள். எட்டாம் நூற்றாண்டில் தர்மபுரிப் பக்கம் கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் பெயரில் கல் கிடைக்கிறது, ஆனால் மொழி தமிழ், எழுத்து வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து. ஒன்பது பத்தில் நொளம்பர். அவர்கள் தலைநகர் ஹேமாவதி, இப்போது ஆந்திராவில் இருக்கிறது, கல்வெட்டு பெரும்பாலும் கன்னடத்தில், ஆனால் தங்களைப் பல்லவ வம்சம் என்று சொல்லிக்கொண்டார்கள். இப்போது சொல்லுங்கள், சித்தப்பா ஜெயித்தாரா, மாமா ஜெயித்தாரா?

சந்தேகசாமி:
நல்லாத்தான் இருக்கு அண்ணே, ஆனால் ஒரு நெருடல். மாட்டைத் திருடப்போய் செத்தவனுக்கும் கல், காப்பாற்றப்போய் செத்தவனுக்கும் கல் என்றால், இது வீரமா, வெறும் கோஷ்டிச் சண்டையா? நாம் இப்போது 'வீரன்' என்று போற்றுவதெல்லாம் பின்னால் ஏற்றிய மெருகு இல்லையா?

கல்வெட்டுக்கிறுக்கன்:
கேட்க வேண்டிய கேள்விதான். இதற்குக் கல்லிலேயே பதில் இருக்கிறது.

செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே மகேந்திரவர்மனுடைய 34-ஆம் ஆட்சியாண்டுக் கல் ஒன்று இருக்கிறது, ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்பவன் எருமை மந்தையைக் காக்கப்போய் செத்துவிட்டான். கல்லில் அவன் நிற்கிறான், பக்கத்திலேயே ஒரு நாய் நிற்கிறது. நாய்க்குத் தனியாக ஒரு வரி: 'கோவிவன் என்னும் நாய் இரு கள்ளனைக் கடித்துக் காத்திருந்தவாறு.' பாருங்கள், நாய்க்குப் பெயர் இருக்கிறது. வந்தவர்களுக்குப் பெயர் இல்லை, அவர்கள் வெறும் 'கள்ளன்'. ஆனால் அந்த இரண்டு பேரில் ஒருவன் செத்திருந்தால், இருபது மைல் தள்ளி அவன் ஊரில் அவனுக்கும் ஒரு கல் நட்டிருப்பார்கள், அதில் 'தொறுக் கொண்டு பட்டான்' என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். எந்த ஊர்ப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதுதான் விஷயம்.

இதில் முக்கால்வாசிச் சண்டை பேரரசனுக்காக நடந்ததே இல்லை. மகேந்திரவர்மன் பெயர் அங்கே காலண்டர் மாதிரி. இன்ன ராஜாவுக்கு இத்தனையாவது வருஷம் என்று தேதி போடத்தான். சண்டை போட்டவர்கள் ஒரே பல்லவனுக்குக் கீழே இருந்த இரண்டு சிற்றரசர்களின் ஆட்களாகக்கூட இருப்பார்கள்.

ஓசூர்மல்லி:
உள்ளே வரலாமா? நான் ஓசூர்க்காரி. வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடம் தமிழ், மாமியார் வீட்டில் கன்னடம். 'யாருடைய மண்' என்ற பேச்சு எங்கள் ஊரில் டீக்கடையில்கூட எடுபடாது, மூன்று மொழியிலும் திட்டு விழும்.

சொல்ல வந்தது வேறு. கிறுக்கன் அண்ணா 'தொறு' என்றார் இல்லையா, பழைய கன்னடத்தில் அதுவே 'துறு'. மாடு பிடிக்கிற சண்டைக்கு அங்கே 'துறுகொள்' என்பார்கள். தமிழில் ஆகோள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த தமிழ்பிராமி (தமிழின் மிகப் பழைய எழுத்து) நடுகல்லில் 'கூடல் ஊர் ஆகோள்' என்றே இருக்கிறது. இரண்டிலும் 'கொள்' என்ற வினைதான். ஒரே தொழில், ஒரே சொல், நடுவில் மலை மட்டும்தான் வேறு.

அப்புறம் நாய் என்றதும் நினைவுக்கு வந்தது. கன்னடப் பக்கத்திலும் ஒரு நாய்க் கல் இருக்கிறது, மத்தூர் பக்கம் ஆதகூர் என்ற ஊரிலிருந்து கிடைத்தது, இப்போது பெங்களூரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கதையைக் கேளுங்கள். 949-ல் தக்கோலத்தில் ராஷ்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணனுக்கும் சோழனுக்கும் போர், சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே செத்தது அந்தப் போரில்தான். அவனைக் கொன்ற கங்கன் பூதுகன், தன் வீரன் மணலேரனைப் பார்த்து, உனக்கு என்ன வேண்டும் கேள் என்கிறான். ஊர் கேட்கலாம், பொன் கேட்கலாம். அவன் கேட்டது 'காளி' என்ற வேட்டை நாயை! அந்த நாய் பிறகு ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோத, இரண்டும் செத்துப்போயின. மணலேரன் அதற்குக் கல் நட்டு, நிலம் விட்டு, பூசை ஏற்பாடு செய்தான். நிலத்தை அனுபவிக்கிற பூசாரி அந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் சாப்பிட்டால் அந்த நாய் செய்த பாவம் அவனைச் சேரும் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள்.

தென்னிந்திய வரலாற்றையே புரட்டிப்போட்ட ஒரு போருக்கான முக்கியமான சாட்சி ஒரு நாயின் சமாதிக் கல்லில் இருக்கிறது. எனக்கு இது இன்னும் ஆச்சரியம் தீராத விஷயம்.

சந்தேகசாமி:
மல்லி அக்கா, இதற்காகவே உங்களுக்கு ஒரு வணக்கம். நாய் செய்த பாவம் என்ன பாவமாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன், வேலை ஓடவில்லை.

மைசூர்ப்பாதை:
என்ன சுற்றி வளைத்தாலும் நொளம்பன், கங்கன், ஹொய்சளன் எல்லாம் கன்னட அரசர்கள். தர்மபுரியில் கன்னடக் கல்வெட்டே இருக்கிறது. ஒப்புக்கொள்ள ஏன் இவ்வளவு வலிக்கிறது?

கல்வெட்டுக்கிறுக்கன்:
வலிக்கவில்லை ஐயா. தர்மபுரியில் சக ஆண்டு 815, அதாவது கி.பி. 893-ல், நொளம்பன் மகேந்திரன் காலத்துக் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது, தகடூரில் இரண்டு வணிகர்கள் சமணப் பள்ளி கட்டியதைச் சொல்கிறது. யாரும் மறைக்கவில்லை. நீங்கள் மட்டும் கோலார் கோலாரம்மன் கோயிலில் இருக்கிற சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளை ஒப்புக்கொள்வீர்களா? பெங்களூரு தொம்மலூர்க் கோயிலில் 'தோம்பலூர்' என்ற பெயரோடு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறதே, அதை? ஹொய்சளன் ராமநாதன் 1254 வாக்கில் அண்ணன் மூன்றாம் நரசிம்மனோடு பாகம் பிரித்துக்கொண்டு திருச்சிப் பக்கத்துக் கண்ணனூரில் உட்கார்ந்தான், பிறகு நம் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குந்தாணிக்கு வந்தான், அவன் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ். கன்னட வீட்டுப் பிள்ளை, தமிழில் ஆணை போட்டவன். அவனை எந்தக் கணக்கில் எழுதுவது?

நாம் இப்போது செய்வது என்னவென்றால், 1956-ல் மொழிவாரியாகப் போட்ட மாநில எல்லைக் கோட்டை எடுத்துக்கொண்டுபோய் 893-ன் மேல் வைத்துப் பார்க்கிறோம்.

மட்டுறுத்துநர்:
இதற்கிடையில் வந்த நான்கு பதிவுகள் நீக்கப்பட்டன. நதிநீர்ப் பிரச்சினைக்கு வேறு திரி இருக்கிறது. இங்கே கல்லைப் பற்றி மட்டும்.

வட்டெழுத்துவாத்தியார்:
நீக்கிய பதிவுகளை நான் படித்துவிட்டேன் என்பதுதான் சோகம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எல்லையைக் கல்லின் வடிவத்திலும் பார்க்கலாம். செங்கம் பக்கத்துப் பழைய கற்களில் ஒரே காட்சி. வீரன் ஒரு கையில் வில்லோ கேடயமோ, மறு கையில் வாள், சில கற்களில் உடம்பில் அம்பு தைத்திருக்கும், காலடியில் மாடோ சிறு கெண்டியோ. எழுத்து மேலேயும் பக்கவாட்டிலும். கன்னட நாட்டில் பத்தாம் நூற்றாண்டுக்குப் பின் வருகிற வீரக்கல்லில் மூன்று அடுக்கு பிரபலம். கீழே சண்டை, நடுவில் தேவகன்னியர் அவனைத் தூக்கிக்கொண்டு போவது, மேலே லிங்கத்தின் முன்னால் அவன் உட்கார்ந்திருப்பது. கீழிருந்து மேலே படிக்க வேண்டும், படக்கதை மாதிரி. கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் போனால் இந்த இரண்டு வகையும் ஒரே ஏரிக்கரையில் நிற்கும். எழுத்தும் அப்படித்தான். காஞ்சிப் பக்கம் பல்லவர்கள் கிரந்தமும் தமிழுமாக எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அதே பல்லவன் பெயரைச் சொல்லும் செங்கத்துக் கல்லில் வட்டெழுத்து. அரசாங்கம் ஒரு எழுத்தில் எழுதியது, ஊர்க்காரன் தனக்குத் தெரிந்த எழுத்தில் வெட்டினான். சோழர் வந்தபின் வட்டெழுத்து இந்தப் பக்கம் மெல்ல ஒழிந்துபோயிற்று.

ஒரு சின்னத் திருத்தம். நடுகல் என்றால் கல்லை நட்டதோடு முடிந்ததில்லை. தொல்காப்பியத்தில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று ஆறு படி உண்டு. கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து படையல் வைத்து வாழ்த்துவது வரை. செத்தவன் வீட்டுக்கு நிலமும் விடுவார்கள், உதிரப்பட்டி என்று பெயர். கன்னடத்தில் 'நெத்தரு கொடகெ'. உதிரம், நெத்தரு, இரண்டும் ரத்தம்தான். ரத்தம் சிந்தியதற்கு ஈடாக நிலம். ஆக, கல் என்பது வெறும் நினைவுச்சின்னம் மட்டும் இல்லை, சில இடங்களில் பட்டா மாதிரியும் பயன்பட்டிருக்கிறது. இன்னாருடைய அப்பா செத்தான், அதனால் இந்த நிலம் இவர்களுடையது என்று ஊரே பார்க்கிற இடத்தில் நிற்கும்.

பாலக்கோட்டான்:
வாத்தியார் ஐயா, உதிரப்பட்டி என்றதும் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் கோயிலை ஒட்டின கொல்லையை அப்பாயி 'சாமி நிலம்' என்பார், யார் பெயரிலும் விற்கக் கூடாது என்று ஒரு பேச்சு. உடனே முடிச்சுப் போட்டுக்கொள்ள மாட்டேன், பயப்படாதீர்கள்.

இன்னொரு கேள்வி. அதியமான் என்னவானான்? சங்க காலத்தோடு முடிந்துவிட்டதா? மாமா அவரை வைத்துத்தான் சண்டை போட்டார்.

கல்வெட்டுக்கிறுக்கன்:
முடியவில்லை, இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. கொஞ்சம் நீளும்.

அதியமான் நெடுமான் அஞ்சி என்ற பெயர் பாட்டில் மட்டும் இருந்தது. 1981-ல் திருக்கோவலூர்ப் பக்கம் ஜம்பையில் ஒரு தமிழ்பிராமி கல்வெட்டு கிடைத்தது: 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி', அதாவது சதியபுத்திரனான அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த தங்குமிடம். அசோகன் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு 'சதியபுத்திரர்' என்று வருகிறதே, அது யார் என்று பல வருஷம் சண்டை. அந்த ஒரே வரி சண்டையை முடித்தது. அதற்குப் பிறகு எட்டாம் நூற்றாண்டில் நாமக்கல் குடைவரையில் அதியர் குலம் வருகிறது. 1116 வாக்கில் ஹொய்சளன் விஷ்ணுவர்த்தனன் தலக்காட்டைப் பிடித்தபோது, அங்கே சோழருக்காகக் காவல் இருந்து தோற்றவன் பெயரும் அதியமான்!

கடைசியாக ஒருவன், விடுகாதழகிய பெருமாள். மூன்றாம் குலோத்துங்கன் காலம், 1178-க்குப் பிறகு. தகடூரை ஆண்டவன். போளூர்ப் பக்கத்துத் திருமலைக்குப் போய் அங்கே சிதைந்து கிடந்த இயக்கன், இயக்கி என்ற சமணக் காவல் தெய்வங்களின் உருவங்களைச் சரிசெய்து வைக்கிறான். அந்தப் பாட்டுக் கல்வெட்டு 'வஞ்சியர் குலபதி எழினி வகுத்த' என்று தொடங்கி, இவனை 'அஞ்சிதன் வழிவரும்' அவன் என்கிறது. அஞ்சிக்கும் இவனுக்கும் நடுவில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் இருக்கிறது. பல்லவன், கங்கன், நொளம்பன், சோழன் என்று மேலே நாலு பேர் மாறி மாறி வந்தபோதும், அந்த ஊரில் நான் அஞ்சி பேரன் என்று சொன்னால் செல்லுபடியானது.

சந்தேகசாமி:
சொன்னான் என்பது சரி. உண்மையிலேயே ரத்த வழியா என்று எப்படித் தெரியும்? நொளம்பன் பல்லவன் என்றான், வாணன் மகாபலி வம்சம் என்றான். இந்த மேட்டுநிலத்தில் எல்லோருமே யாரோ ஒரு பெரிய ஆளின் பேரன்.

கல்வெட்டுக்கிறுக்கன்:
அதை நான் மறுக்கவே மாட்டேன். ரத்த வழி என்று நிரூபிக்க எதுவும் இல்லை. ஆனால் பொய்யே என்றாலும் எந்தப் பெயரைப் பொய்யாகச் சொன்னால் ஊர் மதிக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள், அது ஒரு சான்று. இன்னொன்று, பெயர் வைப்பதை வெளியே இருந்து வந்தவனும் செய்தான். ராஜராஜன் நொளம்பபாடியைப் பிடித்துவிட்டு 'நிகரிலிசோழ மண்டலம்' என்று பெயர் வைத்தான், கங்கபாடிக்கு 'முடிகொண்டசோழ மண்டலம்'. இரண்டு பெயரையும் இப்போது தர்மபுரியில் போய்ச் சொல்லிப் பாருங்கள், ஒருத்தருக்கும் தெரியாது. அதியமான் கோட்டை என்றால் பஸ் டிக்கெட் கிழித்துக் கொடுப்பார்கள்.

மைசூர்ப்பாதை:
நான் முதலில் எழுதியது கொஞ்சம் சூடாகிவிட்டது. அந்த நாய்க் கல்லை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், உண்மையில் அதன் முழுக்கதை தெரியாமலே பார்த்திருக்கிறேன். பேகூர்க் கல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதில்தான் 'பெங்களூரு' என்ற பெயர் முதலில் வருகிறது என்பார்கள், ஏறக்குறைய 890, அதுவும் ஒரு சண்டையில் செத்தவனுக்கு நட்ட கல்தான்.

ஓசூர்மல்லி:
மலைபடுகடாத்தில் இதே வழியைச் சொல்கிற இடம் இருக்கிறது. செங்கத்து நன்னனைப் பார்க்கப் போகிற கூத்தர்களிடம், போகிற வழியில் 'பெயரொடு நட்ட கல்' நிறைய வரும் என்று சொல்லி அனுப்புகிறார்கள். பல்லவனுக்கு முன்னாலேயே அந்தப் பாதை கல்லாகத்தான் இருந்திருக்கிறது. தென்பெண்ணையை ஒட்டி மேட்டிலிருந்து சமவெளிக்கு இறங்குகிற வழி, மாட்டை ஓட்டிக்கொண்டு வருகிறவனும் அதே வழியில்தான் வர வேண்டும், பாணனும் அதே வழியில்தான் போக வேண்டும்.

பாலக்கோட்டான், கல்லில் எழுத்து இருக்கிறது என்றீர்களே, படம் போடுங்கள். மாவு, சாக்பீஸ் எதையும் தேய்க்காதீர்கள், கல் கெட்டுப்போகும். இருட்டினபிறகு போய் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், நிழல் விழுந்து எழுத்து தானே எழுந்து வரும்.

பாலக்கோட்டான்:
நேற்று போய்விட்டு வந்தேன். பங்காளி ஒருவன் டார்ச் பிடித்தான், நாய் ஒன்று எங்களைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே இருந்தது, கோவிவன் என்று கூப்பிட்டுப் பார்த்தேன், ஓடிவிட்டது. அப்பாயிக்குத் தெரியாமல் எண்ணெயைத் துடைக்க மனசு வரவில்லை, கேட்டேன். 'சாமிகிட்ட சொல்லிட்டுத் துடை' என்றார். சொல்லிவிட்டுத் துணியால் ஒத்தி எடுத்தேன்.

நீங்கள் சொன்னது சரி, வெளிச்சத்தை இடது பக்கம் சாய்த்ததும் வெறும் சொறிக் கல் மாதிரி இருந்த இடத்தில் ஐந்து வரி தெரிந்தது. வீரனின் வலது கால் பக்கத்தில் இரண்டு மாடு, ஒன்றின் கொம்பு உடைந்திருக்கிறது. வட்டெழுத்து அட்டவணையைக் கைபேசியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் முட்டிப் பார்த்தேன். நான்காம் வரியில் 'தொறு' என்று படிக்கிறேன். அடுத்த சொல் 'மீ' என்று தொடங்குகிற மாதிரி இருக்கிறது, அல்லது எனக்கு அப்படி ஆசையா என்று தெரியவில்லை. படம் மூன்று இணைத்திருக்கிறேன். வாத்தியார் ஐயா பார்த்துச் சொல்லுங்கள், கொண்டானா, மீட்டானா?

வட்டெழுத்துவாத்தியார்:
தொறு என்பது சரி, பிரமாதம். அடுத்த சொல்லின் மேலே எண்ணெய் இன்னும் உறைந்திருக்கிறது, என்னால் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டாவது படத்தை வலது பக்கத்திலிருந்து வெளிச்சம் அடித்து மறுபடி எடுங்கள். மூன்றாம் வரியில் ஆள் பெயர் வர வேண்டும், அதையும் கிட்டத்தில் எடுங்கள். பகரமும் வகரமும் குழப்பும், அவசரப்பட்டுப் பெயர் வைத்துவிடாதீர்கள். அப்படியே மாவட்ட அருங்காட்சியகத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அவர்கள் வந்து முறையாக மைப்படி (கல்லின் மேல் காகிதம் ஒட்டி மையால் எடுக்கிற எழுத்துப் பிரதி) எடுக்கட்டும்.

பாலக்கோட்டான்:
சரிங்க ஐயா. வெள்ளிக்கிழமை பூசை முடிந்து எண்ணெய் ஊற்றுவதற்கு முன்னால் போய்விடுகிறேன்.